பழைய பீட்டிலைக் கால் மைல் ஓட வைப்பது எப்படி

ஃபோக்ஸ்வேகன் பீட்டிலை ரேஸ் வண்டியாக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் முதலில் சிரிப்புதான் வரும். கம்பெனி கொடுத்தபடியே இருக்கும் 1600 பீட்டில் கால் மைலைக் கடக்க ஏறக்குறைய இருபது விநாடி எடுத்துக்கொள்ளும். பக்கத்துத் தடத்தில் ஓடிய மஸ்டாங் அதற்குள் நேரச் சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிடும். ஆனால் தெற்குக் கலிஃபோர்னியாவில் 1960-களிலேயே இந்தச் சிரிப்பை நிறுத்திக் காட்டினார்கள். ரிவர்சைடில் ஜோ விட்டோன் நடத்திய எம்ப்பி நிறுவனத்தின் ‘இஞ்ச் பின்ச்சர்’ என்ற பீட்டிலை டீன் லோரி டிராக் ரேஸ், அதாவது இரண்டு வண்டிகள் நேர்கோட்டில் கால் மைல் மோதும் பந்தயம், அதற்கான தடங்களில் ஓட்டிப் பேர் வாங்கினார். 1968-ல் ஆரஞ்சு கவுண்டி இன்டர்நேஷனல் ரேஸ்வேயில் ‘பக்-இன்’ என்ற பெயரில் ஃபோக்ஸ்வேகன்களுக்கென்றே ஒரு கூட்டம் தொடங்கியது. அந்தத் தடம் 1983-ல் மூடப்பட்டுவிட்டது. பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

நானும் இந்தப் பக்கம் குடிவந்து, கராஜில் ஒரு பீட்டிலை வைத்துக்கொண்டு, மெதுவாகக் கற்றுக்கொண்டவன்தான். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், ஆனால் ஒரு எஞ்சினை முழுதாகப் பிரித்துச் சேர்த்ததில்லை என்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த எஞ்சினில் கூடுதல் குதிரைத்திறனைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அதனால் பிறக்கும் சூட்டை வெளியேற்ற உங்கள் உழைப்பு வேண்டும். கீழே சொல்லும் பாதி விஷயங்கள் அந்தச் சூட்டைப் பற்றியவைதான்.

வண்டியை வாங்குவது

எஞ்சின் ஓடுகிறதா என்று பார்க்காதீர்கள், எப்படியும் அதைப் பிரிக்கத்தான் போகிறீர்கள். தரையில் படுத்து அடித்தகட்டைப் பாருங்கள். கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் ஹீட்டர் சேனல்தான் இந்த வண்டியின் விலா எலும்பு. அது துருவேறிப் போயிருந்தால் மற்றதெல்லாம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். அப்புறம் பின்சீட்டைத் தூக்குங்கள். பாட்டரி அங்கேதான் வலது பக்கம் இருக்கும். அதன் அடியில் அமிலம் கசிந்து தகட்டைத் தின்றிருப்பது சகஜம், அதை வெட்டியெடுத்து வேறு தகடு வைத்துக்கொள்ளலாம். சீட்டின் இரும்பு ஸ்பிரிங் பாட்டரி முனைகளில் பட்டுத் தீப்பிடித்த கதைகளும் உண்டு. பாட்டரிக்கு மூடி இல்லாவிட்டால் வாங்கிய அன்றைக்கே ஒன்று போட்டுவிடுங்கள்.

எந்த வருடத்து வண்டி என்றால், அமெரிக்காவில் 1968 வரை வந்த பெரும்பாலான பீட்டில்களில் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில். 1969 முதல் ஐ.ஆர்.எஸ். எனப்படும் தனித்தனி சஸ்பென்ஷன். ஸ்விங் ஆக்ஸிலில் வண்டி மேலே எழும்பும்போது சக்கரங்கள் உட்பக்கம் மடங்கும். பழகியவர்கள் அதைக் கட்டுப்படுத்திக்கொள்வார்கள், புதியவருக்கு ஐ.ஆர்.எஸ். நல்லது. 1971-ல் வந்த சூப்பர் பீட்டிலை விட்டுவிடுங்கள். அதன் முன்பக்கம் வேறு மாதிரி, இந்த வேலைக்கான உதிரிபாகங்கள் பெரும்பாலும் முறுக்குக் கம்பியே ஸ்பிரிங்காக வேலை செய்யும் பழைய டார்ஷன் பார் முன்பக்கத்துக்குத்தான் செய்யப்படுகின்றன. சக்கரம் வாங்கும்போது போல்ட்டை எண்ணிக்கொள்ளுங்கள். 1967 வரை ஐந்து, அதற்குப் பிறகு நான்கு. நான் எண்ணாமல் ஒரு செட் வாங்கி, அது இன்னும் கராஜ் மூலையில் கிடக்கிறது.

காற்று எப்படிப் போகிறது

நம் ஊர் ஆட்டோவின் பின்மூடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். புல்லட் எஞ்சினுக்கு வண்டி ஓடும் காற்றே போதும். பின்னால் பெட்டிக்குள் அடைபட்ட எஞ்சினுக்கு அது கிடைக்காது, விசிறி வைத்துத்தான் ஊத வேண்டும். பீட்டிலிலும் அதேதான். எஞ்சினின் சுழலும் அச்சான கிராங்க்கின் புல்லியிலிருந்து ஒரு பெல்ட் மேலே இருக்கும் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. ஜெனரேட்டரின் மறுமுனையில் விசிறி. விசிறியைச் சுற்றி ஒரு தகரக்கூடு. அது காற்றை இரண்டாகப் பிரித்து இரண்டு பக்க சிலிண்டர்களின் மேலும் தள்ளுகிறது. சிலிண்டரின் விலாத்தகடுகளுக்கு நடுவே நுழைந்த காற்று சூடாகிக் கீழே இறங்கி, வண்டிக்கு அடியில் வெளியேறுகிறது.

ஒரே பெல்ட்தான் விசிறியையும் சார்ஜையும் பார்த்துக்கொள்கிறது என்பதால், டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் ‘பாட்டரிதானே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நினைக்கக் கூடாது. பெல்ட் அறுந்திருக்கலாம், அதாவது விசிறியும் நின்றிருக்கலாம். அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்துங்கள்.

எஞ்சினைச் சுற்றியிருக்கும் கறுப்புத் தகடுகளை அழகுக்காகவோ எடையைக் குறைக்கவோ கழற்றுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. மேலே குளிர்ந்த காற்று, கீழே சூடான காற்று. நடுவே இருக்கும் சுவர் அந்தத் தகடுகளும் அவற்றின் ஓரத்து ரப்பரும்தான். அந்த ரப்பர் காய்ந்து உதிர்ந்திருந்தால் கீழே இறங்கிய சூட்டை விசிறி திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மொத்தச் செலவில் இந்த ரப்பர் ஒன்றுமே இல்லை. அதைத்தான் எல்லோரும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயம் மூன்றாம் நம்பர் சிலிண்டர். பீட்டிலில் ஒன்றும் இரண்டும் வலது பக்கம், மூன்றும் நான்கும் இடது பக்கம். ஒன்றும் மூன்றும் வண்டியின் முன்பக்கம் பார்த்தவை. பழைய எஞ்சின்களில் ஆயில் கூலர் தகரக்கூட்டுக்கு உள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்குப் போகிற காற்றின் வழியில் நின்றது. அதனால் அந்தச் சிலிண்டருக்கு எப்போதும் மற்றவற்றைவிடச் சூடு அதிகம். 1971 மாடலில் கூலரைக் கூட்டுக்கு வெளியே தனிப் பெட்டியில் வைத்தார்கள். அந்தப் பெட்டிக்கு இங்கே ‘டாக்ஹவுஸ்’ என்று பெயர், நாய் வீடு. பார்க்க அப்படித்தான் இருக்கும். உங்கள் வண்டி எந்த வருடமானாலும் இந்த அமைப்பையே வாங்கிப் போடுங்கள்.

எவ்வளவு பெரிய எஞ்சின்

கம்பெனியின் 1600 எஞ்சினில் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 85.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரம்) 69 மி.மீ., மொத்தம் 1,584 சிசி. ஸ்ட்ரோக்கை அப்படியே விட்டுப் போரை 90.5 ஆக்கினால் 1,776. 94 ஆக்கினால் 1,915. கிராங்க்கையும் 82 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு மாற்றி 94 போர் போட்டால் 2,276. கடையில் நிற்கும் எல்லோரும் உங்களை 2,276 பக்கம் தள்ளுவார்கள். நீளமான ஸ்ட்ரோக் என்றால் கிராங்க் உள்ளே சுற்ற கேஸின், அதாவது எஞ்சினின் வெளிக்கூட்டின், உட்பக்கத்தை அங்கங்கே செதுக்க வேண்டும், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் ராடு, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும், கியர்பாக்ஸும் தாங்காது. முதல் எஞ்சினுக்கு 1,776 போதும். மிதமான கேமும் இரட்டைக் கார்புரேட்டரும் வைத்தால் சுமார் நூறு குதிரைத்திறன் தரும், தெருவிலும் ஓடும்.

90.5 சிலிண்டருக்கு கேஸிலும், சிலிண்டரின் தலைமூடியான ஹெட்டிலும் ஓட்டையைப் பெரிதாக்க லேத் பட்டறைக்குப் போக வேண்டும். அதைத் தவிர்க்கலாமே என்று சிலர் 88 மி.மீ. சிலிண்டரை வாங்குவார்கள். கேஸைத் தொடாமலே அப்படியே நுழையும். நானும் அதைத்தான் செய்தேன். நுழைவதற்காகச் சுவரை மெல்லிசாக்கிய சிலிண்டர் அது. சூடானதும் வட்டம் கோணியது, ரிங் சரியாக அமரவில்லை, சில நூறு மைலிலேயே பின்னால் நீலப்புகை. மிச்சம் பிடித்த காசு இரண்டாவது முறை கேஸ்கட் வாங்கவே சரியாகப் போய்விட்டது.

கட்டுவது

கேஸ் மெக்னீசியக் கலவை. எடை குறைவு, சூட்டை நன்றாகக் கடத்தும், ஆனால் மென்மையானது. கம்பெனி கிராங்க்கில் எதிர் எடைகள் இல்லாததால் வேகத்தில் அது நடுவே வளைந்து, நடு பேரிங் உட்காரும் இடத்தை அடித்து அடித்துப் பெரிதாக்கியிருக்கும். பேரிங் இல்லாமல் கேஸின் இரண்டு பாதிகளையும் சேர்த்து முறுக்கி, பேரிங் உட்காரும் மூன்று பெரிய ஓட்டைகளையும் அளக்கச் சொல்லுங்கள். புதிதில் அவற்றின் அளவு 65.00 மி.மீ. இருக்கும். நீள்வட்டமாகியிருந்தால் மூன்றையும் ஒரே கோட்டில் கடைந்து, அதற்கேற்ற வெளிப்பக்கம் தடித்த பேரிங் போட வேண்டும். கிராங்க் வாங்கும்போது எதிர் எடையுள்ளதாக, அதன் முனையில் சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலை எட்டு டவல் பின்னால் (சிறு எஃகு முளை) பிடிப்பதாக வாங்குங்கள். கம்பெனி வைத்தது நான்குதான், டிராக் தடத்தில் கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் அது போதாது.

ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்கள் (மரை போட்ட தண்டுகள்) மெக்னீசியத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவதும் இந்த எஞ்சினின் பழைய வியாதி. லேத் பட்டறையில் கேஸைக் கொடுக்கும்போதே எஃகு புஷ் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஃபுல் ஃப்ளோ வேலையையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். இந்த எஞ்சினில் கம்பெனி ஆயில் ஃபில்டர் வைக்கவில்லை, ஒரு வலை மட்டும்தான். பம்ப்பிலிருந்து வரும் ஆயிலை வெளியே எடுத்து, ஒரு ஃபில்டர் வழியாக அனுப்பி, கேஸில் புதிதாகப் போட்ட ஓட்டையில் திருப்பி விடுவதுதான் ஃபுல் ஃப்ளோ. மொத்த ஆயிலே இரண்டரை லிட்டர்தான் என்பதால் அடியில் கூடுதலாக ஒரு சம்ப், அதாவது ஆயில் தொட்டி, மாட்டிவிடுவதும் நல்லது. வண்டி பாயும்போது ஆயில் பின்பக்கம் ஒதுங்கினாலும் உறிஞ்சு குழாய் காற்றைக் குடிக்காது.

கேஸின் இரண்டு பாதிகளுக்கு நடுவே கேஸ்கட் கிடையாது. மெல்லிய சீலண்ட் மட்டும். மூடும் முன் மூன்றைப் பாருங்கள். பேரிங் ஒவ்வொன்றும் அதன் முள்ளில் உட்கார்ந்திருக்கிறதா, கேம் கியரில் உள்ள ஒரு புள்ளி கிராங்க் கியரின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நிற்கிறதா, கேமின் அசைவை வால்வுப் பக்கம் கொண்டுபோகும் ஃபாலோயர்கள் உள்ளே இருக்கின்றனவா. மூடி முறுக்கும்போது ஒவ்வொரு நட்டுக்கும் பிறகு கிராங்க்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்காவது கனத்தால், அந்த நட்டைத் தளர்த்திவிட்டுத் திரும்பப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் கியருக்கு அடியில் போகும் இரண்டு மெல்லிய வாஷர்களை ஒரு நீளமான கம்பியில் கோத்து இறக்குங்கள். கைதவறினால் எஞ்சினுக்குள் போய் விழும். எனக்கு விழுந்தது. காந்தத்துக்கு நன்றி.

அடுத்தது எண்ட் ப்ளே, அதாவது கிராங்க் முன்னும் பின்னும் நகரும் இடைவெளி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஃப்ளைவீலுக்கும் முதல் பேரிங்குக்கும் நடுவே எப்போதும் மூன்று ஷிம்கள், அதாவது மெல்லிய வளையத் தகடுகள், இருக்க வேண்டும். அவை 0.24, 0.30, 0.32, 0.34, 0.36 மி.மீ. என்று பல தடிமனில் வரும். முதலில் ஆயில் சீல் இல்லாமல், இரண்டு ஷிம் மட்டும் வைத்து ஃப்ளைவீலை மாட்டி முறுக்குங்கள். கேஸில் டயல் கேஜைப் பொருத்தி, ஃப்ளைவீலை உள்ளே தள்ளிப் பூஜ்யம் வையுங்கள், பிறகு வெளியே இழுத்துப் பாருங்கள். எனக்கு 0.44 வந்தது. கடைசியில் 0.10 இடைவெளி மிஞ்ச வேண்டும். 0.44-ல் 0.10 கழித்தால் 0.34. ஆக மூன்றாவது ஷிம் 0.34. அதைப் போட்டு, சீலையும் மாட்டித் திரும்ப அளந்தால் 0.07-க்கும் 0.13-க்கும் நடுவே வர வேண்டும். ஷிம்மின் மேல் அச்சடித்த எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரில் அளந்துவிடுங்கள்.

ஃப்ளைவீலைப் பிடிக்கும் நடு நட்டுக்குச் சுமார் 294 நியூட்டன் மீட்டர் வேண்டும். சாதாரண டார்க் ரெஞ்ச் அதுவரை போகாது. 75 கிலோ எடையுள்ள ஆள், படுக்கையாக நிற்கும் கம்பியில் நட்டிலிருந்து 40 செ.மீ. தள்ளிக் கால் வைத்து நின்றால் கணக்குச் சரியாக வரும். இங்கே பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஃப்ளைவீல் சுற்றாமல் பூட்ட ஒரு தகடு மட்டும் மறக்காதீர்கள்.

கம்ப்ரஷன் கணக்கையும், அதாவது சிலிண்டருக்குள் வரும் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதையும், நீங்களே போடுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் சிலிண்டர் விளிம்புக்கும் பிஸ்டன் தலைக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். 1 முதல் 1.5 மி.மீ. வரை இருக்கலாம், குறைந்தால் சிலிண்டரின் அடியில் ஷிம் போட்டு உயர்த்துவார்கள். ஹெட்டின் குழிவைத் தண்ணீரால் அளக்கலாம். ஓட்டை போட்ட கண்ணாடி பிளாஸ்டிக்கை கிரீஸ் தடவி மேலே ஒட்டி, பிளஸ் டூ வேதியியல் லேபில் பார்த்தோமே, அந்த பியூரெட்டால் நிரப்ப வேண்டும். என் கணக்கு இது: ஒரு சிலிண்டர் 443.9 சிசி, ஹெட்டின் குழி 50 சிசி, 1.3 மி.மீ. இடைவெளிக்கு 8.4 சிசி. மூன்றையும் கூட்டினால் 502.3. அதைக் கடைசி இரண்டின் கூட்டுத்தொகை 58.4-ஆல் வகுத்தால் 8.6. கலிஃபோர்னியா பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் 91 ஆக்டேனுக்கு, மிதமான கேமோடு, இது பாதுகாப்பானது. ‘9.5 வையுங்கள், நெருப்பாக ஓடும்’ என்பார்கள். ஓடும், அந்த நெருப்பு ஹெட்டில் விரிசலாகத் தெரியும்வரை.

கார்புரேட்டரும் பற்றவைப்பும்

இரண்டு வெபர் 40 ஐ.டி.எஃப். அல்லது டெல்லோர்ட்டோ 40 போதும். ரேஸ்காரர்கள் ஆராதிக்கும் 48 ஐ.டி.ஏ. அழகான பொருள்தான், இந்த அளவு எஞ்சினுக்கு அது அண்டாவில் காபி போடுகிற மாதிரி. இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கும்படி சரிசெய்வதை எஞ்சின் சூடான பிறகே செய்யுங்கள். சூட்டில் எஞ்சின் அகலமாக விரியும், ஆக்ஸிலரேட்டரை இரண்டோடும் இணைக்கும் லிங்க்கேஜைக் குளிரில் சரியாக வைத்திருந்தாலும் அதன் கோணம் மாறிவிடும்.

பற்றவைப்பு நேரத்தில் எல்லோரும் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, எவ்வளவு என்று கேட்பார்கள். முக்கியம் மேலே எவ்வளவு என்பதுதான். நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் முழு அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சியைத் தொடும் முன் பொறி வரும் கோணம்) 28 முதல் 32 டிகிரிக்குள் இருக்கட்டும். ஐடிலில் எவ்வளவு வருகிறதோ வரட்டும்.

அப்புறம் பெட்ரோல் ஓஸ். பீட்டில்கள் எரிந்துபோவதற்கு இதுதான் முதல் காரணம். எஞ்சின் அறைக்குள் ஃபில்டரைத் தொங்கவிடாதீர்கள், தொட்டிக்கு அடியில் வையுங்கள். ஓஸை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரகமாக. ஒவ்வொரு முனையிலும் கிளாம்ப். மெக்னீசியம் பிடித்து எரிய ஆரம்பித்தால் கையிலிருக்கும் சின்னத் தீயணைப்பான் அதை அணைக்காது. பெட்ரோல் எரியும் கட்டத்திலேயே அடக்கியாக வேண்டும்.

முதல் ஸ்டார்ட்

புது கேமுக்கு இதுதான் கண்டம். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். பிறகு பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் விடாமல் 2,000 சுற்றுக்கு மேல் வைத்து இருபது நிமிடம் ஓட்டுங்கள். கேமும் ஃபாலோயரும் ஒன்றையொன்று தேய்த்துப் பழகும் நேரம் அது, சிந்தும் ஆயில்தான் அவற்றுக்குச் சாப்பாடு, மெதுவாக ஓடினால் சிந்தாது. துத்தநாகம் அதிகமுள்ள ஆயில் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நலம். முடிந்ததும் ஆயிலை மாற்றி, பழைய ஆயிலில் காந்தத்தை விட்டுப் பாருங்கள்.

கியர்பாக்ஸும் பின்பக்கமும்

எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால் வண்டியின் எடையில் பாதிக்கு மேல் பின்சக்கரத்தில்தான். டிராக் ரேஸில் இது வரம். கிளட்ச்சை விட்டதும் டயர் பிடித்துக்கொள்கிறது. டயர் வழுக்காவிட்டால் அடுத்து உடைவது கியர்பாக்ஸ். அது ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, அடி விழும்போது தலையாட்டும், சக்கரம் துள்ளும், அந்தத் துள்ளலில் பல் போகும். கனமான ரப்பர் மவுண்டும், நடுவே கியர்பாக்ஸை அணைத்துப் பிடிக்கும் பட்டையும் முதலில் போடுங்கள். மற்ற மாற்றங்களை ஒன்று உடைந்த பிறகு யோசிக்கலாம்.

பின்பக்க உயரத்தை மாற்றுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. பின் டார்ஷன் பாரின் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44. உள்ளே ஒரு பல் என்றால் 9 டிகிரி, வெளியே ஒரு பல் என்றால் 8 டிகிரி 10 நிமிடம். உள்ளே ஒரு பல் ஒரு பக்கமும் வெளியே ஒரு பல் எதிர்ப்பக்கமும் திருப்பினால் வெறும் 50 நிமிடக் கோணம் மாறும். வெர்னியர் அளவுகோல் போலத்தான். இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு. ஆனால் பாரைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் தகடு முறுக்கேறி நிற்கும், அதன் தடுப்பைத் தாண்டி வெளியே வந்தால் கையை உடைக்கும். ஜாக்கியால் தாங்கி, சங்கிலி கட்டித்தான் இறக்க வேண்டும். மிகவும் தாழ்த்திவிடாதீர்கள், பின்சக்கரம் சாய்ந்து டயரின் உள்விளிம்பு மட்டும் தரையைத் தொடும்.

பிரேக்கைப் பற்றி ஒரே வரி. வேகத்தைக் கூட்டும் முன் நான்கு சக்கரத்தின் ஓஸையும் சிலிண்டரையும் புதிதாக மாற்றிவிடுங்கள்.

தடத்துக்குப் போகும் முன்

அமெரிக்காவில் பெரும்பாலான தடங்கள் டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் (நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன்) விதிகளைப் பின்பற்றுகின்றன. கால் மைலை 13.99 விநாடியிலோ அதற்குக் குறைவாகவோ ஓடினால் ஹெல்மெட் கட்டாயம். உங்கள் பீட்டில் போன்ற பழைய வண்டி 11.49-க்கு வந்தால் ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு), 10.99-க்கு வந்தால் முழுக் கூண்டு. 1,776 எஞ்சினோடு நீங்கள் 15, 16 விநாடியில்தான் இருப்பீர்கள். ஆனாலும் ஹெல்மெட் போடுங்கள். 1968-க்கு முந்தைய பீட்டில் சீட்டில் தலைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. தலைசாய்ப்புள்ள சீட்டும் நல்ல பெல்ட்டும் கார்புரேட்டருக்கு முன்னால் வாங்க வேண்டியவை. அன்றைய வருடத்து விதிப்புத்தகத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சோதனை செய்பவர் பாட்டரி இறுகக் கட்டப்பட்டிருக்கிறதா, ஆக்ஸிலரேட்டருக்குத் திரும்பும் ஸ்பிரிங் இருக்கிறதா, ஆயில் ஒழுகுகிறதா என்று பார்ப்பார். பீட்டில் என்றதும் குனிந்து ஒழுகலைத் தேடுவார், கோபித்துக்கொள்ளாதீர்கள். அரைக்கால் சட்டையில் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஓட்டம்

நான் முதலில் போனது ஃபமோசோ என்ற தடம். பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வடக்கே, மெக்ஃபார்லண்ட் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1959 முதல் ‘மார்ச் மீட்’ என்ற டிராக் ரேஸ் கூட்டம் நடக்கும் இடம். போர்க்கால விமான ஓடுதளமாக இருந்தது என்று கேட்டதும் எனக்குச் சோழவரம் ஞாபகம் வந்தது. சென்னைக்கு வெளியே அந்தப் பழைய ஓடுதளத்தில்தான் இருங்காட்டுக்கோட்டை வரும்வரை நம்மவர்கள் ரேஸ் விட்டார்கள்.

போட்டி நாளுக்குப் போகாதீர்கள். ‘டெஸ்ட் அண்ட் டியூன்’ என்று பழகும் நாள் இருக்கும், காசு கட்டினால் நேரம் இருக்கும்வரை ஓடலாம். தொடக்கக் கோட்டுக்கு முன்னால் தண்ணீர் தெளித்த இடம் இருக்கும். அது வழுவழுப்பான ரேஸ் டயர்க்காரர்கள் சுற்றிப் புகைவிட. தெரு டயரோடு போகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் பள்ளங்களில் தண்ணீரை அள்ளிக்கொண்டுபோய்க் கோட்டில் கொட்டுவீர்கள். பின்னால் நிற்பவர் சும்மா இருக்கமாட்டார்.

கோட்டுக்கு அப்பால் ஒரு விளக்குக் கம்பம் நிற்கும். கோட்டருகே தரையை ஒட்டிப் பாயும் ஒளிக்கதிரை முன்சக்கரம் தொட்டதும் அதில் மேல் விளக்கு எரியும், இன்னும் சில அங்குலம் ஊர்ந்தால் இரண்டாவது. அங்கே நிறுத்துங்கள். மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் இறங்கிவரும், பிறகு பச்சை. பச்சையைப் பார்த்துக் கிளம்பினால் தாமதம். கடைசி மஞ்சள் எரிந்ததும் கிளட்ச்சை விட வேண்டும், வண்டி கோட்டைவிட்டு நகர்வதற்குள் பச்சை வந்துவிடும். நான் முதல் ஓட்டத்தில் பச்சை வந்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு ஒரு விநாடிக்கு மேல் நின்றேன். இரண்டாவது ஓட்டத்தில் அவசரப்பட்டுப் பச்சைக்கு முன்பே நகர்ந்ததால் சிவப்பு.

கையில் தரும் சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது அறுபது அடி நேரம், அதாவது கிளம்பி முதல் அறுபது அடியைக் கடக்க ஆன விநாடிகள். என் மூன்றாவது சீட்டில் அது 2.35, கால் மைல் 16.20, முடிவில் 82 மைல் வேகம், அதாவது மணிக்கு 132 கி.மீ. முடிவு வேகம் எஞ்சினின் பலத்தைச் சொல்லும், அறுபது அடி நேரம் உங்கள் காலின் பழக்கத்தைச் சொல்லும். பின் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, 3,500 சுற்றில் கிளட்ச்சை விடப் பழகியதும் எஞ்சினைத் தொடாமலே எனக்கு நேரம் குறைந்தது. ஒரே மாதிரி ஓடப் பழகிய பிறகு பிராக்கெட் ரேஸுக்குப் போகலாம். அதில் உங்கள் நேரத்தை நீங்களே முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்கள் 16.20, எதிராளி 12.70 என்றால் உங்களுக்கு மூன்றரை விநாடி முன்னதாகப் பச்சை. எழுதியதைவிட வேகமாக ஓடினால் தோல்வி. ஒரு சாதாரண பீட்டில் பெரிய வி-8 வண்டியை வெல்லக்கூடிய விளையாட்டு இது.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் உடனே எஞ்சினை நிறுத்தாதீர்கள். திரும்பும் பாதையில் மெதுவாக ஓட்டி வந்தால் விசிறி சூட்டை இறக்கிவிடும். ஆயில் சூடு 110 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மூடியைத் திறந்துவைத்து அடுத்த ஓட்டத்தைத் தள்ளிப்போடுங்கள்.

மறுநாள் காலை, எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு, வால்வு மூடிகளைக் கழற்றி 0.15 மி.மீ. கேஜை ஒவ்வொரு வால்விலும் விட்டுப் பாருங்கள். வரும் அளவை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். மூன்றாம் நம்பர் எக்ஸாஸ்டை இரண்டு முறை பாருங்கள். இடைவெளி கூடியிருந்தால் சரிசெய்துகொண்டு ஓட்டலாம். ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வந்தால், வால்வின் தண்டு இழுபடுகிறது அல்லது அதன் இருக்கை தேய்கிறது. அந்த ஹெட்டைக் கழற்றிப் பார்க்கும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.